4 வருடம் 7 மாதம், 30,000 சம்பளம்: எந்தத் தேதியில் பேப்பர் போடுவது?

மோட்டார்மேசை எழுதியது:

கோவையில் கணபதி, பீளமேடு, சின்னவேடம்பட்டி பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சம்பளம் ஏறவில்லை, செய்யும் வேலைக்கு ஒரு வார்த்தை பாராட்டுகூட இல்லை, விட்டுவிடலாமா? விடலாம். ஆனால் எந்த நாளில் விடுகிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது. மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்ட அன்று சாயங்காலமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, பிறகு கணக்குப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

பேசுவதற்கு ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. சேர்ந்த தேதி 14.06.2021. இப்போது ஜனவரி 2026, அதாவது 4 வருடம் 7 மாதம். மொத்தச் சம்பளம் 30,000, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000. பிஎஃப் 1,800, தொழில் வரி சுமார் 200 போகக் கையில் 28,000. நியமன ஆணையில் அறிவிப்புக் காலம் (நோட்டீஸ்) 60 நாள். வாரம் ஆறு நாள் வேலை.

இவர் எப்போது கடிதம் கொடுக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்குமேசை எழுதியது:

முதலில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது வரும் பணிக்கொடை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் இது உரிமை. கம்பெனி மனசு வைத்துத் தருவதல்ல. கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் × 15 ÷ 26 × வருடம். ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதி முழு வருடமாக எண்ணப்படும்.

15,000 × 15 ÷ 26 = 8,654. ஐந்து வருடத்துக்கு 43,269 ரூபாய்.

இப்போதே வெளியே வந்தால் இது பூஜ்யம். 5 வருடம் முழுசாக முடிவது 13.06.2026. ஆனால் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருடமும் முழு வருடத் தொடர் பணிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஐந்து நாள் இயங்கும் இடங்களுக்கு 190 நாள் போதும்.

நம் மாதிரி ஆளுக்கு ஐந்தாவது வருடம் 14.06.2025-இல் தொடங்குகிறது. காலண்டர் நாளாக எண்ணினால் 240-வது நாள் 08.02.2026. 60 நாள் அறிவிப்புக் காலமும் பணிக்காலம்தான் என்பதால், இன்றைக்கே பேப்பர் போட்டாலும் மார்ச்சில்தான் வெளியே வருவார். 240-ஐத் தாண்டிவிடும். ஆகவே ஜனவரியிலேயே கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

சட்டப்புள்ளி எழுதியது:

கணக்குமேசை சார், கணக்கு சரி. ஆனால் ஜனவரியில் கொடுப்பதில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

ஒன்று, நாளை எண்ணும் விதம். சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாள் கழியும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு சேரும். வார விடுமுறையைச் சேர்க்கலாமா என்பதில் கம்பெனி தரப்பு கட்டாயம் தகராறு பண்ணும். அதனால் பாதுகாப்பாக எண்ண வேண்டும் என்றால் உண்மையில் பஞ்ச் வைத்த நாளையும் சம்பள விடுப்பையும் மட்டும் எண்ணுங்கள். மாதம் 26 நாள் என்றால் 240 வர ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும், அதாவது மார்ச் மூன்றாவது வாரம்.

இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. அறிவிப்புக் காலம் முழுக்க உங்களை வைத்துக்கொள்வார்கள் என்று என்ன நிச்சயம்? "நாளையிலிருந்து வர வேண்டாம், நோட்டீஸ் தள்ளுபடி" என்று ஹெச்ஆர் ஒரு மெயில் போட்டால் பணிக்காலம் அன்றோடு முடிந்தது. ஜனவரி 20-இல் அப்படி நடந்தால் 240 கைக்கு வராது. கோபத்தில் இருக்கும் சின்ன கம்பெனிகள் செய்யும் காரியம்தான் இது.

ஆகவே விதி இப்படி: கடிதம் கொடுக்கும் நாளன்றே 240 தாண்டியிருக்க வேண்டும். அறிவிப்புக் காலத்தை நம்பி எண்ணக் கூடாது.

இப்படிப் பார்த்தால் சீக்கிரமாகக் கொடுக்கக்கூடியது மார்ச் கடைசி. அதிலிருந்து 60 நாள் என்றால் மே கடைசி. முழு ஐந்து வருடத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி! அதற்குப் பதில் 20.04.2026 அன்று கடிதம் கொடுத்தால் கடைசி நாள் 18.06.2026. உடனே அனுப்பினாலும் 240 கையில் இருக்கிறது. முழுக்க வைத்துக்கொண்டால் ஐந்து வருடமே முடிந்துவிடும், யாரிடமும் தீர்ப்பைக் காட்டி வாதாட வேண்டாம். தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள் 240 நாளை நம்பாமல் ஐந்து வருடத்தையே முடிப்பது நல்லது.

இரவுஷிப்ட் எழுதியது:

ஏப்ரல் வரை இழுத்தால் புது வேலையின் கூடுதல் சம்பளம் போகுமே? 45,000 தருகிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டுவிட்டு 43,000-க்காகக் காத்திருப்பது சரியா? அறிவிப்புக் காலத்துக்குப் பதில் பணம் கட்டி பை-அவுட் பண்ணிவிட்டுப் போகலாமே?

ஓசூர்ஹெச்ஆர் எழுதியது:

45,000 என்று அவர்கள் சொல்வது எது? சிடிசியா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), மொத்தச் சம்பளமா, கையில் வருவதா? இதைக் கேட்காமல் ஒப்பிடவே கூடாது. பிரித்துக் காட்டுகிறேன்.

வருடம் 5,40,000 சிடிசி. அதில் 10 சதவீதம் வேரியபிள், 54,000. அது வருடக் கடைசியில், அதுவும் கம்பெனி நிலவரத்தைப் பொறுத்து. கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800 × 12 = 21,600, அதுவும் உங்கள் சிடிசிக்குள். அடிப்படை 20,000 என்றால் கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 11,544. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8,400 என்று வையுங்கள். மொத்தம் 95,544 கழிந்தது.

மீதி 4,44,456. மாதம் 37,038. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி 200 சொச்சம். கையில் வருவது 35,000.

இப்போது 28,000 வாங்குகிறார். ஆக உண்மையான ஏற்றம் மாதம் 7,000, காதில் விழும் 15,000 அல்ல. ஜனவரியில் கொடுத்து மார்ச்சில் போவதற்கும் ஏப்ரலில் கொடுத்து ஜூனில் போவதற்கும் மூன்று மாத வித்தியாசம், 21,000. கிராஜுவிட்டி 43,269. காத்திருப்பதில் 22,000 லாபம். புது இடத்தில் ஏற்றம் மாதம் 15,000-க்கு மேல் கையிலேயே வருமானால் கணக்கு மாறும், அப்போது தாராளமாகக் கிளம்பலாம்.

பை-அவுட்டைப் பொறுத்தவரை, 60 நாள் சம்பளத்தைக் கட்டுவது அடிப்படையிலா மொத்தத்திலா என்று நியமன ஆணையில் பாருங்கள். அடிப்படை என்றால் 30,000, மொத்தம் என்றால் 60,000. சில கம்பெனிகள் இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சேர்ப்பார்கள். அது கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அந்த வரியைக் கழித்திருந்தால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பை-அவுட் தொகையைப் புதுக் கம்பெனி தருவதாகச் சொன்னால் ஆஃபர் லெட்டரிலேயே அது வர வேண்டும். ஃபோனில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டி வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 21.11.2025 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியத்தோடு சேரும். 30,000-இல் அடிப்படை 12,000 மட்டும் போட்டிருந்தால் பழைய முறையில் கிராஜுவிட்டி 34,615. ஊதியத்தை 15,000 என்று எடுத்தால் 43,269. விலகும்போது போடும் இறுதிக் கணக்கில் எந்த எண்ணை எடுத்தார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

நூற்பாலைநண்பர் எழுதியது:

தேதி, கணக்கு எல்லாம் சரிதான். அதற்கு முன்னால் ஒரு படி விட்டுப்போகிறது. சம்பளம் போதவில்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டீக்கடையில் சொல்வதும் கேட்டதாக ஆகாது.

கேட்பதற்கு நேரம் பிப்ரவரி. ஏப்ரல் இன்கிரிமெண்டுக்கான பட்ஜெட் அப்போதுதான் போடுகிறார்கள். மார்ச் கடைசியில் கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். ஒரே பக்கம் எழுதுங்கள். நான் கடினமாக உழைக்கிறேன், விசுவாசமாக இருக்கிறேன் என்ற வரி வேண்டவே வேண்டாம். அது எல்லாரும் எழுதுவது. எண் எழுதுங்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பம்ப் மாதம் எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது, இன்வேர்ட் சோதனையில் எத்தனை காஸ்டிங்கைப் பிடித்து நிறுத்தினீர்கள், ஆடிட்டில் எத்தனை குறைகளை மூடினீர்கள். கடைசி வரியில் எவ்வளவு வேண்டும் என்று தொகை. "பார்த்துச் செய்யுங்க" என்று முடித்தால் பார்த்துத்தான் செய்வார்கள்.

ஓசூர்ஹெச்ஆர் எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கேட்பது வேறு, வேறு கம்பெனி ஆஃபரைக் காட்டிக் கேட்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். பேப்பர் போட்ட பிறகு "இருந்துவிடு, 6,000 கூட்டித் தருகிறோம்" என்று வருவது உங்கள் வேலைக்கான விலையாக இருக்காது. ஆள் தேடும் வரைக்கும் லைன் நிற்காமல் இருக்கத் தரும் விலை. அடுத்த ஏப்ரலில் "உனக்குத்தான் ஏற்கெனவே கூட்டியாச்சே" என்பார்கள்.

நூற்பாலைநண்பர் எழுதியது:

எல்லா இடத்திலும் அப்படி இல்லை, தோழரே. பணம் மட்டும் காரணமாக இருந்து, மேலதிகாரி நல்லவராக இருந்தால் இருப்பதில் தப்பில்லை. மரியாதை இல்லாததுதான் காரணம் என்றால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. 6,000 கூட்டினால் சத்தம் போடுவது நிற்காது. இருக்க முடிவு செய்தால் திருத்திய சம்பள ஆணை கையில் வந்த பிறகு மட்டுமே ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அந்த வரிசை மாறக் கூடாது.

பாஸ்புக்அக்கா எழுதியது:

பிஎஃப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பேப்பர் போடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது கம்பெனி ஒரே நாளில் ஒப்புதல் கொடுக்கும். வெளியே வந்த பிறகு அதே ஒப்புதலுக்கு ஆறு மாதம் அலைய வேண்டும்.

பாஸ்புக்கைத் திறந்து மாதா மாதம் வரியைப் படியுங்கள். 15,000 ஊதியத்துக்கு உங்கள் பங்கு 1,800. கம்பெனி பங்கு இரண்டாகப் பிரியும்: 550 பிஎஃப், 1,250 ஓய்வூதியத் திட்டம். ஒரு மாதப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் வரி இல்லை என்றால் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்று அர்த்தம். அந்த மாதச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் குறைதீர் தளத்தில் புகார் போட அதுதான் ஆதாரம்.

அடுத்தது பெயர். ஆதாரில் "எஸ். முருகன்" என்றும் பிஎஃப்பில் "முருகன் எஸ்" என்றும் இருப்பதுதான் நம் ஊரின் தீராத தலைவலி. இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பது, அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்பது, பிறந்த தேதியில் பள்ளிச் சான்றும் ஆதாரும் ஒத்துப்போகாதது, எல்லாமே பிறகு மனுவைத் திருப்பி அனுப்பக் காரணமாகும். பழைய கம்பெனியில் வேறு யூஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினர் எண்) இருந்தால் அதையும் இப்போதே இந்த எண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

தயவுசெய்து வேலை மாறும்போது பிஎஃப்பை எடுக்காதீர்கள். மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தப் பணிக்காலம் ஐந்து வருடத்துக்குள் இருக்கும்போது எடுத்தால் வரி உண்டு. 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஒவ்வொரு கம்பெனியிலும் எடுத்து எடுத்துச் செலவழித்தவர்கள் 45 வயதில் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள். அடுத்த வேலைக்கு நாலு மாதம் ஆனாலும் பணம் அங்கேயே வட்டியோடு இருக்கும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், எந்தச் சேமிப்புக் கணக்கும் அவ்வளவு தராது.

தையல்யூனிட் எழுதியது:

திருப்பூர் பக்கம் 19,000 சம்பளம் வாங்குபவர்கள்தான் அதிகம். எங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. வேலையை விட்டால் மறுநாளே கார்டு செல்லாதா? இன்னொன்று, தீபாவளி போனஸ் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அது அவசியமா?

கணக்குமேசை எழுதியது:

இஎஸ்ஐ மறுநாளே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த அரையாண்டில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருக்க வேண்டும். உதாரணமாக, அக்டோபர் முதல் ஜனவரி கடைசி வரை வேலை பார்த்து விட்டவருக்கு 78 நாள் தாராளமாக வந்துவிடும். டிசம்பர் வரை பலன் உண்டு. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இந்த அட்டவணையைப் பார்த்து விலகும் மாதத்தை முடிவு செய்யுங்கள்.

போனஸ்: 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே சட்டப்படியான போனஸுக்குத் தகுதி வந்துவிட்டது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். மாதம் 7,000 அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். ஊதிய வரம்பு 21,000. மார்ச்சில் முடியும் வருடத்துக்கான போனஸை எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் கடைசிக்குள் தர வேண்டும். இடையில் விலகியவருக்கும் வேலை செய்த காலத்துக்கு உண்டு. ஆகவே அதற்காக ஐப்பசி வரை கஷ்டப்பட வேண்டியதில்லை. விலகும்போதே "இந்த வருட போனஸ் பாக்கி" என்று இறுதிக் கணக்கில் எழுதி வாங்குங்கள். கம்பெனி தன் விருப்பத்தில் தரும் கூடுதல் தொகை வேறு, அதற்கு அன்றைய தேதியில் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கலாம்.

இஎஸ்ஐ இல்லாமல் கம்பெனி குழுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கடைசிப் பணி நாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்: ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் தொடர்ந்து கணக்கில் வரும். இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால் மூன்று வருடம் வரை மறுபடி காத்திருக்க வைக்கலாம்.

இரவுஷிப்ட் எழுதியது:

அசல் சான்றிதழை வாங்கி வைத்திருக்கும் இடங்கள்? இரண்டு வருடம் விலக மாட்டேன் என்ற பாண்ட், தேதி போடாத காசோலை?

சட்டப்புள்ளி எழுதியது:

மூன்றும் தனித்தனி விஷயம்.

அசல் சான்றிதழைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். சேரும்போது கொடுத்ததற்கு ரசீது இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரசீது இல்லையென்றால் "என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயச் சான்றிதழ்கள் தங்களிடம் உள்ளன, திருப்பித் தரவும்" என்று ஒரு மெயில் போடுங்கள். "பார்க்கிறோம்" என்று ஒரு பதில் வந்தாலே அவர்களிடம் இருப்பதற்கு அது ஆதாரம். உங்கள் சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை.

பாண்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பான நம்பிக்கை ஓடுகிறது. "பாண்ட் செல்லவே செல்லாது" என்பதும் தப்பு, "முழுத் தொகையும் கட்டியே ஆகணும்" என்பதும் தப்பு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று வருடம் முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையைச் சரி என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே பொதுத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவையும் அந்தப் பதவியின் சம்பளத்தையும் பார்த்துத்தான் சொன்னார்கள். தனியார் கம்பெனி பயிற்சி என்று எதுவுமே கொடுக்காமல் 3 லட்சம் எழுதி வைத்திருந்தால் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை அதே சட்டத்தின் 27-வது பிரிவில் செல்லாது. ரகசியம் காக்கும் நிபந்தனை செல்லும். அதனால் டிராயிங், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். மிச்சம் எல்லாம் சரியாக இருந்தும் இந்த ஒரு மெயிலில் மாட்டுபவர்கள் உண்டு.

காசோலை ஆபத்தானது, அலட்சியம் வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, "பாதுகாப்புக்காக மட்டும் கொடுத்தது, திருப்பித் தரவும்" என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு வங்கியில் போட்டுத் திரும்பியதும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரும், கடனே இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு வரி போதும்:

"14.06.2021 முதல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். இக்கடிதத்தின் மூலம் பணியிலிருந்து விலகுகிறேன். நியமன ஆணைப்படி 60 நாள் அறிவிப்புக் காலம் முழுவதும் பணிபுரிவேன். என் கடைசிப் பணி நாள் 18.06.2026. விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, இறுதிக் கணக்கு ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

காரணம் எழுத வேண்டாம், குறை எழுத வேண்டாம். "தகுந்த தேதியில் விடுவிக்கவும்" என்றும் எழுதாதீர்கள், அது தேதியை அவர்கள் கையில் கொடுப்பது. மெயிலில் அனுப்பி, அதில் சொந்த மெயில் முகவரியையும் நகலாகச் சேர்த்துவிடுங்கள். கம்பெனி மெயிலை அன்றே முடக்கினாலும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கும்.

வரிக்கணக்கு எழுதியது:

சம்பளம் கூடுதலாக உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வருட நடுவில் மாறும்போது பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் புதுக் கம்பெனிக்குத் தெரிவிக்கும் படிவம் ஒன்று உண்டு. பலர் கொடுப்பதில்லை.

2025-26 நிதியாண்டில் முதல் ஆறு மாதம் 7 லட்சம், அடுத்த ஆறு மாதம் 8 லட்சம் என்று வையுங்கள். புதுக் கம்பெனிக்கு 8 லட்சம் மட்டும்தான் தெரியும். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். உண்மையில் மொத்தம் 15 லட்சம். நிலைக் கழிவு 75,000 போக 14.25 லட்சத்துக்கு வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. பழைய கம்பெனி வருடத்துக்கு 14 லட்சம் என்று கணித்துப் பாதி வருடத்துக்கு 40,950 பிடித்திருக்கும். மீதி 56,550 ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக வட்டியோடு நிற்கும். வேலையில் சேர்ந்த வாரமே படிவத்தைக் கொடுத்தால் மாதா மாதம் பிரிந்து கழியும்.

விடுப்பைப் பணமாக வாங்குவதற்குத் தனியார் ஊழியருக்கு வாழ்நாள் மொத்தத்தில் 25 லட்சம் வரை விலக்கு. விலகும்போது வாங்கியதற்கும் இது பொருந்தும். கம்பெனி வரி பிடித்துவிட்டால் ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம்.

மோட்டார்மேசை எழுதியது:

ஒப்படைப்பைப் பற்றி நான் சேர்க்கிறேன். தரக்கட்டுப்பாட்டில் வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், போர் கேஜ் எல்லாம் ஆள் பெயரில் டூல் கிரிப் (கருவி அறை) பதிவேட்டில் ஏறியிருக்கும். கடைசி வாரம்தான் ஒன்று காணோம் என்று தெரியவரும், இறுதிக் கணக்கில் முழு விலையைக் கழிப்பார்கள். அறிவிப்புக் காலத்தின் முதல் வாரமே பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணையும் அளவுத்திருத்த ஸ்டிக்கரையும் ஃபோட்டோ எடுத்து, திருப்பிய அன்று அதே வரியில் ஸ்டோர்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். லேப்டாப்புக்கும் அப்படியே, சார்ஜரையும் சீட்டில் எழுத வையுங்கள். சார்ஜர் எழுதாமல் விட்டதால் பாக்கி இல்லை என்ற நோ-டியூ சான்று நின்றுபோவது சர்வ சாதாரணம்.

சம்பளச் சீட்டு, படிவம் 16, நியமன ஆணை, இன்கிரிமெண்ட் கடிதங்கள் ஆகியவற்றைக் கம்பெனி போர்ட்டலிலிருந்து முன்பே இறக்கி வையுங்கள். கடைசி நாள் மாலை லாகின் போய்விடும். புது இடத்தில் கடைசி மூன்று மாதச் சீட்டு கட்டாயம் கேட்பார்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

இறுதிக் கணக்குக்கு "45 நாள் ஆகும், கம்பெனி பாலிசி" என்பது எல்லா இடத்திலும் வரும் பதில். ஊதியச் சட்டத் தொகுப்பில் ராஜினாமா செய்தவரின் ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்றிருக்கிறது. கிராஜுவிட்டிக்குத் தனிக் கெடு, 30 நாள். அதைக் கேட்டுத் தனி விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு நாளில் வரவில்லை என்று மூன்றாம் நாளே சண்டை வேண்டாம். ஒரு வாரத்தில் நினைவூட்டல், 30 நாளில் பதிவுத் தபால், அதன் பிறகு தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகம். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் பணம் வங்கியில் ஏறும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் பக்கத்திலேயே "கிராஜுவிட்டி, போனஸ் நீங்கலாக" என்று கைப்பட எழுதித் தேதியிடுங்கள்.

பாஸ்புக்அக்கா எழுதியது:

கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய கம்பெனி விலகிய தேதியை பிஎஃப் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் பணம் மாறாது. முன்பெல்லாம் அவர்கள் காலில் விழ வேண்டியிருந்தது, இப்போது நீங்களே செய்யலாம். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து, யூஏஎன் தளத்தில் மேனேஜ் என்ற பகுதியில் மார்க் எக்ஸிட் திறந்து, பழைய கம்பெனியைத் தேர்ந்து, தேதியும் காரணமும் கொடுத்தால் ஆதார் எண்ணோடு இணைந்த ஃபோனுக்கு ஓடிபி வரும். காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்கும் தேதியைத்தான் அது ஏற்கும். நம் மாதிரி ஆளுக்கு ஜூன் சந்தா ஏறியிருந்தால் 18.06.2026. புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதி அதற்கு ஒரு நாளாவது பின்னால் இருக்கட்டும். தேதியை ஒருமுறை பதித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் நீங்களே திருத்த முடியாது, ஓடிபி போடும் முன் விடுவிப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு தரம் சரிபாருங்கள்.